வெந்நீருக்குக் காவல்

உலகத்தில் நின்று பார்க்கத் தகுந்தது எதுவும் கிடையாது. எல்லாவற்றையும் ஓடுகிற வண்டியிலிருந்தே பார்த்து முடித்துவிடலாம். அமெரிக்காவின் ஐடஹோவில் உருளைக்கிழங்கு பயிரிடும் ரூலான் யென்சன் இந்த முடிவுக்கு வந்து பல வருடங்கள் ஆகின்றன. கோடைதோறும் மனைவி வெர்லாவைப் பிக்கப் வண்டியில் ஏற்றிக்கொண்டு யெல்லோஸ்டோன் தேசியப் பூங்காவின் மேற்கு வாசலில் நுழைவான்; நிற்காமல் தெற்கு வாசலில் வெளியேறுவான். பூங்கா பார்த்தாயிற்று.

வெர்லாவுக்கு வேண்டியது ஒரே ஒரு வெந்நீர் ஊற்று. எப்போது பீறிடும் என்று அதற்கே தெரியாத ஊற்று. அவள் தங்கை பார்த்துவிட்டாள். ஞாயிற்றுக்கிழமைச் சாப்பாட்டுக்கு வரும்போதெல்லாம் அதைச் சொல்லாமல் தட்டைத் தொடமாட்டாள். இந்த வருடம் வெர்லா மடக்கு நாற்காலியோடு வண்டி ஏறினாள்.

வழியில் ஒரு காட்டெருமை சாலையை மறித்து நின்றது. எல்லோரும் படம் எடுத்தார்கள்.

"ரோமம் வச்ச மாடு," என்றான் ரூலான். "எங்கண்ணன் கொட்டகையில எத்தனையோ நிக்குது. எவனாவது போட்டோ எடுக்க வர்றானா?"

"உங்கண்ணன் மாடா இருந்தா இறங்கி விரட்டுவ. இத விரட்டேன், பாக்கலாம்."

ரூலான் வண்டிக் கண்ணாடியை ஏற்றிக்கொண்டான்.

ஊற்றருகே பெஞ்சு நிறைய ஆட்கள். எல்லோர் கையிலும் வாக்கி-டாக்கி. தினமும் வருகிறவர்களாம். பெரிய தொப்பி போட்ட ஜோலீன் விளக்கினாள்: முதலில் பக்கத்துச் சின்னத் துளை கொதிக்கும், கொஞ்ச நேரத்தில் பெரியது கிளம்பும். சின்னது கொதிப்பதை யார் பார்த்தாலும் உடனே மற்றவர்களுக்குச் சொல்லியாக வேண்டும். அது இங்கே எழுதாத சட்டம்.

"எங்க வீட்டு அடுப்புலயும்தான் தண்ணி கொதிக்குது," என்றான் ரூலான். "ஊருக்குத் தண்டோரா போடுறதில்ல. வெர்லா, கிளம்பு."

வெர்லா நாற்காலியை விரித்து உட்கார்ந்தாள். "நீ போ. நான் பாத்துட்டுதான் வருவேன். இன்னிக்கு இல்லன்னா நாளைக்கு."

"எங்க படுப்ப?"

"நாற்காலி மடங்குதுல்ல, நானும் மடங்கிக்கறேன்."

மதியம் போனது. எழுந்து போக நேருமே என்று காலையிலிருந்து அவள் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. ரூலான் சாவியை ஆட்டி ஆட்டிக் காட்டினான், ஒருவரும் அசரவில்லை. கடைசியில் இயற்கை அவளை எழுப்பியது.

"அது மேல கண்ணு வச்சுக்க. வேற எதுவும் கேக்கல," என்று சொல்லிவிட்டுக் கழிப்பறைக்கு ஓடினாள்.

ஒன்றும் நடக்காது என்று நிரூபிப்பதற்காகவே ரூலான் கைகட்டி நின்று சின்னத் துளையை முறைத்தான். துளை ஏப்பம் விட்டது. பிறகு கொதித்தது.

ஜோலீன் வாக்கி-டாக்கியை வாயருகே கொண்டுபோவதற்குள் அவன் பலகைப் பாதையில் ஓடிக்கொண்டிருந்தான். பெண்கள் கழிப்பறை வாசலில் நின்று, தேவாலயத்தில் பேசுவதுபோல் குரலைத் தாழ்த்தினான்.

"வெர்லா, சின்னது ஆரம்பிச்சிருச்சு."

உள்ளே மூன்று கதவுகள் ஒரே நேரத்தில் திறந்தன. வந்தவர்களில் யாரும் வெர்லா இல்லை. நான்காவதாக வந்தவள் அவனைத் தாண்டி ஓடினாள்.

அவள் வேலியைப் பிடித்த கணத்தில் ஊற்று வானத்துக்குக் கிளம்பியது. சாரல் முகத்தில் விழ, வெர்லா வாய் திறந்தபடி நின்றாள். அடங்கியதும் எல்லோரும் கைதட்டிவிட்டுக் கலைந்தார்கள்.

"போலாம்," என்றாள், நாற்காலியை மடக்கியபடி. "இனிமே தங்கச்சி வரட்டும், பேசிக்கறேன்."

காலியான பெஞ்சில் ரூலான் உட்கார்ந்திருந்தான்.

"நீ வண்டிக்குப் போ," என்றான், துளையிலிருந்து கண்ணை எடுக்காமல். "அது இன்னும் லேசா முணுமுணுக்குது."