உப்பு எப்போது போட வேண்டும்

சனிக்கிழமை பயறு வேகும். ஞாயிற்றுக்கிழமை அது சிறைக்குப் போகும். என் வீட்டில் வாரம் என்றால் இப்போது அவ்வளவுதான்.

முன்பெல்லாம் இந்த அடுப்பில் பயறு தினமும் வெந்தது, ஆனால் வேக வைத்தவள் என் மனைவி எலோதியா. நான் இராபுவாத்தோ என்ற ஊரில் டவுன் பஸ் ஓட்டுகிறவன். வீட்டுக்கு வந்து உட்கார்ந்தால் தட்டு வரும். தட்டில் பன்றிக்கொழுப்பில் வதக்கிய பயறு மசியல் இருக்கும், பக்கத்தில் துணியில் சுற்றிய சோள ரொட்டி இருக்கும். அது எப்படி வந்தது என்று கேட்கிற ஆள் நான் இல்லை. கல்யாணமான நாளிலிருந்து அந்த அடுப்பை நான் பற்ற வைத்தது சிகரெட்டுக்காக மட்டும்தான்.

பிறகு ஒருநாள் எலோதியாவைப் பிடித்துக்கொண்டு போனார்கள். அவள் துணி துவைத்து இஸ்திரி போட்டுக்கொண்டிருந்த பல் டாக்டர் வீட்டில் ஒரு ஜோடித் தோடு காணாமல் போய்விட்டது. டாக்டரின் மனைவி இவளைக் கைகாட்டினாள். வீட்டைப் புரட்டிப் பார்த்தார்கள், எதுவும் கிடைக்கவில்லை. கிடைக்காததுதான் தப்பாகப் போயிற்று, விற்றுவிட்டாள் என்று எழுதிக்கொண்டார்கள். அப்புறம் அந்தக் குடும்பமே வேறு ஊருக்குக் குடிபோய்விட்டது. அந்த அம்மாள் வந்து சாட்சி சொல்லாமல் விசாரணை நடக்காது. விசாரணை நடக்காமல் எலோதியாவை விடமாட்டார்கள். இந்த இரண்டு வாக்கியத்தையும் எனக்கு யார் யாரோ விளக்கிச் சொல்லியிருக்கிறார்கள். எனக்கு முதல் தடவையே புரிந்துவிட்டது. புரிந்து என்ன பிரயோஜனம்?

எனக்குக் கோபம் மூக்குக்கு மேல் வரும். முதல் தடவை விசாரணை தள்ளிப்போனபோது நீதிமன்றத்தில் மேஜையைத் தட்டிக் கத்திவிட்டேன். இரண்டு போலீஸ்காரர்கள் அள்ளிக்கொண்டு வந்து வெளியே விட்டார்கள். அரசாங்கம் கொடுத்த வக்கீல், சின்னப் பையன், பின்னாலேயே ஓடி வந்தான்.

"மெலிட்டோன் ஐயா, நீங்க இப்படிக் கத்துனா உங்க வீட்டம்மாவுக்குத்தான் கெடுதல். தயவு செஞ்சு வீட்டுக்குப் போங்க."

"வீட்டுக்குப் போய் என்னய்யா பண்றது? செவுத்தப் பாத்துட்டு உக்காரவா?"

பாவம், அவனிடமும் வேறு எதுவும் இல்லை.

"சாப்பாடு கொண்டு போங்க. உள்ள போடறத அவங்க தொடறதே இல்லையாம்."

அது உண்மைதான். முதல் ஞாயிறு பார்த்தபோதே கன்னம் ஒட்டிப்போயிருந்தாள். தீர்ப்பு வராத கைதிகளுக்குக் கொடுக்கும் மண்நிறச் சட்டை அவள் மேல் ஆணியில் மாட்டியது மாதிரித் தொங்கியது. இப்படியே போனால் விசாரணை வரும்போது விசாரிக்க ஆள் இருக்காது என்று எனக்குப் பயம் பிடித்துவிட்டது.

உள்ளே கொண்டுபோகும் சாப்பாட்டுக்குச் சட்டம் இருக்கிறது. குழம்பாக எதுவும் கூடாது, அடியில் என்ன கிடக்கிறதோ என்று சந்தேகப்படுவார்கள். கெட்டியாக இருக்க வேண்டும், உள்ளே இருப்பது வெளியே தெரிகிற டப்பாவில் இருக்க வேண்டும். வாசலில் உள்ள காவல்கார அம்மாள் ஒரு கம்பியை எடுத்து அதில் நாலு இடத்தில் குத்திப் பார்ப்பாள். ஆகவே பயறு மசியல்தான் சரி. உடுப்புக்கும் சட்டம் உண்டு. கைதி நிறம் கூடாது, நீலம் கூடாது, கறுப்பு கூடாது. என் பெட்டியைக் கவிழ்த்துப் பார்த்ததில் ஒரே ஒரு சிவப்புச் சட்டை தேறியது. எங்கள் ஊரே ஸ்ட்ராபெர்ரிக்குப் பேர்போன ஊர். என்னைப் பார்த்ததும் எலோதியா அந்த நிலைமையிலும் சொன்னாள்:

"வந்துடுச்சுப்பா ஸ்ட்ராபெர்ரி. கூடையிலேருந்து உருண்டு வந்தியா?"

நான் டப்பாவை நீட்டினேன். கடையில் தகர டின்னில் விற்கிற மசியல். வீட்டில் செய்தது மாதிரி இருக்கட்டும் என்று மேலே கொஞ்சம் பாலாடைக்கட்டி தூவியிருந்தேன். ரொட்டித் துண்டில் தொட்டு வாயில் வைத்தாள், முகத்தைச் சுளித்தாள்.

"இது டின்னுல வந்தது."

"யார் சொன்னா? நான் செஞ்சேன்."

"கெழவா, என்னத்தான் பூட்டி வெச்சிருக்காங்க. என் நாக்கப் பூட்டல."

டப்பாவைத் தள்ளி வைத்துவிட்டாள். பிறகு, சிமென்ட் மேஜைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து, விரலால் மேஜையில் கோடு போட்டுக்கொண்டே, பயறு செய்வது எப்படி என்று எனக்குச் சொன்னாள். கல் பொறுக்கு. ராத்திரி ஊறப்போடு. மண்பானையில் வெங்காயமும் பூண்டும் போட்டு வேக வை. அப்புறம் கொழுப்பைக் காயவைத்து வெங்காயத்தைக் கருகக் கருக வதக்கி எடுத்துவிட்டு, அதில் பயறைப் போட்டு மத்தால் மசி. நான் தலையை ஆட்டினேன். பஸ் ஓட்டுகிறவனுக்கு இது ஒரு வேலையா என்று நினைத்தேன்.

அடுத்த ஞாயிறு நான் செய்து கொண்டுபோன பயறைக் கம்பியால் குத்தும்போது கடக் கடக் என்று சத்தம் வந்தது. காவல்கார அம்மாள் என்னை நிமிர்ந்து பார்த்தாள்.

"உள்ள என்னங்கய்யா இருக்கு?"

"பயறுதாங்க மேடம்."

"பயறா, ஜல்லியா?"

எலோதியா ஒரு வாய் கடித்ததுமே கேட்டாள்.

"உப்ப எப்ப போட்ட?"

"பயறு போடும்போதே. அப்பத்தான உப்பு உள்ள எறங்கும்?"

"கழுதை! தோல் மெத்துனு ஆகி, வாயில வெச்சாக் கரையணும். அதுக்கப்புறம்தான் உப்பு. முன்னாலயே போட்டா ஜென்மத்துக்கும் வேகாது. இதக்கூடவா நான் சொல்லணும்?"

"நீ சொல்லல."

"யாராச்சும் சொல்வாங்களா இத? தெருவுல போற நாய்க்குத் தெரியும்!"

பக்கத்து மேஜைகளில் சிரித்தார்கள். எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. ஆனால் அவளைப் பார்த்தேன். திட்டிக்கொண்டே சாப்பிட்டாள். பல்லுக்கும் பயறுக்கும் சண்டை நடந்துகொண்டிருந்தது, அவள் விடவில்லை. கன்னத்தில் ரத்தம் ஏறியிருந்தது. அந்தச் சட்டைக்குள் என் எலோதியா திரும்பி வந்து உட்கார்ந்திருந்தாள். டப்பா காலி.

அடுத்த முறை உப்பைச் சரியான சமயத்தில் போட்டேன். ஆனால் பாதியில் தண்ணீர் வற்றிவிட்டது, குழாயில் பிடித்து ஊற்றினேன்.

"பச்சத் தண்ணியா ஊத்துன?"

"பின்ன? அதுக்கு ஹோலி வாட்டரா ஊத்துவாங்க?"

"கொதிக்கிற பயறுல பச்சத் தண்ணி ஊத்துனா அது கோவிச்சுக்கும். கறுத்து, விறைச்சுப் போயிடும். உன்னைய மாதிரிதான் அதுவும். சுடுதண்ணி பக்கத்து அடுப்புல தயாரா இருக்கணும்."

அதையும் திட்டிக்கொண்டே தின்று முடித்தாள். இப்படியே மழைக்காலம் போனது, இறந்தவர்களின் நாள் வந்தது, கிறிஸ்துமஸ் வந்தது. விசாரணை தள்ளிப்போனது. சாட்சி சொல்ல வேண்டிய அம்மாளுக்கு உடம்பு சரியில்லை. தள்ளிப்போனது. சம்மன் போன முகவரியில் ஆள் இல்லை. தள்ளிப்போனது. நீதிபதி மாறிவிட்டார். ஒவ்வொரு தடவையும் வக்கீல் பையன் என் முகத்தைப் பார்க்காமல் சொல்வான். நான் கத்துவதை நிறுத்திவிட்டேன். யாரைப் பார்த்துக் கத்துவது? ஒருவனும் எதிரில் நிற்பதில்லை, எல்லாம் ஒரு தேதிதான்.

வழக்கில் என் கைக்கு எட்டியது எதுவும் இல்லை. பயறு எட்டியது. ஆகவே கோபம் முழுவதையும் அதில் இறக்கினேன். சனிக்கிழமை மட்டும் என்று இல்லை, பஸ்ஸை விட்டு வந்ததும் தினமும் செய்து பார்த்தேன். சந்தையில் பயறு விற்கிறவளிடம், போன வருஷத்துப் பயறைக் கலந்துவிட்டாய் என்று சண்டை போடுகிற அளவுக்கு வந்துவிட்டேன். எல்லாம் அவளைச் சந்தோஷப்படுத்த வேண்டும் என்ற ஒரே நினைப்பு.

கடைசியில் ஒரு சனிக்கிழமை அது கூடி வந்தது. இளஞ்சிவப்புப் புள்ளிப் பயறு, சொன்னபடி பூத்து வெந்திருந்தது. கொழுப்பில் விட்டதும் சுர்ரென்று பொங்கியது. மசித்தேன், ஆனால் கூழாக்கவில்லை, அங்கங்கே ஒரு முழுப் பயறு கண்ணில் படும்படி விட்டேன். எலோதியா சட்டியைக் கையில் பிடித்து ஓர் ஆட்டு ஆட்டுவாள், மசியல் மொத்தமாகச் சுருண்டு, மெத்தையைச் சுருட்டினதுபோல ஒரு பக்கமாக வந்து நிற்கும். அப்போதுதான் ஆயிற்று என்பாள். நானும் ஆட்டினேன். சுருண்டு வந்து நின்றது. விரலால் வழித்து வாயில் வைத்தேன். அவள் பயறு. அப்படியே அவள் பயறு. யாரும் இல்லாத சமையலறையில் மத்தைத் தூக்கிக்கொண்டு ஒரு சுற்று ஆடினேன், வெட்கமில்லாமல் சொல்கிறேன்.

மறுநாள் காவல்கார அம்மாள் கம்பியை விட்டாள், சத்தமே இல்லாமல் இறங்கியது. குனிந்து மோந்து பார்த்தாள்.

"இன்னிக்கு யாருங்கய்யா செஞ்சது?"

"யாரா இருந்தா என்னங்க மேடம், கம்பிய எடுங்க."

எலோதியா ரொட்டியில் வழித்து ஒரு வாய் வைத்தாள். மெல்லுவது நின்றது. நான் மேஜையைப் பிடித்துக்கொண்டு அவள் முகத்தையே பார்த்தேன்.

"கீழ் வீட்டு ஹோவிட்டா செஞ்சு குடுத்தாளா?"

"நான்தான் செஞ்சேன். இந்தா பாரு." கொழுப்புத் தெறித்துக் கொப்பளித்த கையைக் காட்டினேன்.

இன்னொரு வாய் எடுத்தாள். அது பாதி வழியில் நின்றுவிட்டது. ரொட்டியைக் கீழே வைத்தாள்.

"என்னுது மாதிரியே இருக்கு."

"அப்புறம் என்ன? சாப்பிடு."

"கத்துக்கிட்ட, மெலிட்டோன்."

அவள் என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவது இல்லை. கிழவன், கழுதை, ஸ்ட்ராபெர்ரி, எதுவும் சொல்வாள், பெயர் சொல்லமாட்டாள்.

"நீ அடுப்புப் பக்கமே போகாத ஆளு. நீயே கத்துக்கிற அளவுக்கு நான் இங்க கெடந்திருக்கேன். இனிமே அந்த வீட்டுக்கு நான் எதுக்கு?"

"பைத்தியம் மாதிரிப் பேசாத, எலோதியா. உனக்காகத்தானே..."

"தெரியும்."

டப்பாவை மூடி என் பக்கம் தள்ளினாள். அழக்கூட இல்லை. நேரம் முடிந்து மணி அடிக்கும்வரை சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். சீக்கிரம் வந்துவிடுவாய் என்று சொல்ல என்னிடம் ஒரு தேதி இல்லை. நான் சமைக்க ஆரம்பித்த பிறகு முதல் தடவையாக டப்பா நிறைந்தபடியே வெளியே வந்தது. பஸ் நிறுத்தத்தில் அதைத் தெருநாய்களுக்கு வைத்தேன். அவை நக்கி நக்கிச் சாப்பிட்டன.

அந்த வாரம் உள்ளேயிருந்து போன் பண்ணினாள். குரல் மெலிந்திருந்தது.

"இந்த ஞாயிறு அலையாத."

"ஏன்? எதாச்சும் சாப்பிடறியா?"

"பசிக்கல." வைத்துவிட்டாள்.

வெள்ளிக்கிழமை வக்கீல் பையன் வந்தான். பல் டாக்டரின் மனைவி, உடம்பு சரியில்லை என்று டாக்டர் சர்டிபிகேட் அனுப்பியிருக்கிறாளாம். அடுத்த தேதி எது என்று நான் கேட்கவில்லை, அவனும் சொல்லவில்லை.

சனிக்கிழமை பானைக்கு முன்னால் நின்றேன். கல் பொறுக்கிய பயறு ஊறி, தண்ணீரில் கிடந்தது. அடுப்பைப் பற்ற வைத்தேன். உப்பு ஜாடியைத் திறந்து கை நிறைய அள்ளினேன். கை பானைக்கு மேலே போய் நின்றுவிட்டது. நல்ல பயறு அது. கெடுக்க மனசு வரவில்லை. இவ்வளவு பாடுபட்டுக் கற்றுக்கொண்டவன் தன் கையாலேயே கெடுக்க வேண்டியிருக்கிறதே என்று எனக்கு அழுகை வந்துவிட்டது, அழுதேன். பிறகு கையைத் திறந்தேன். கொதி வந்ததும் குழாயடிக்குப் போய் ஒரு செம்பு பச்சைத் தண்ணீர் பிடித்து வந்து அதையும் ஊற்றினேன். பயறு ஒரு நொடி அடங்கி, கறுத்தது.

ஞாயிற்றுக்கிழமை கம்பி மறுபடியும் கடக் என்றது. காவல்கார அம்மாள் டப்பாவைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், ஒன்றும் கேட்காமல் உள்ளே விட்டாள்.

எலோதியா வந்து உட்கார்ந்தாள். கண் குழிக்குள் போயிருந்தது. சிவப்புச் சட்டையைப் பார்த்தும் வாயைத் திறக்கவில்லை.

"வராதன்னு சொன்னேன்ல."

"ஒரு வாய் எடு. ஒண்ணே ஒண்ணு."

எனக்காகத்தான் எடுத்தாள். கடித்தாள். கடக்.

மெதுவாக நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். டின்னை நாக்கு நுனியில் கண்டுபிடித்தவள் அவள். அவளை ஏமாற்ற என்னால் முடியாது, எனக்குத் தெரியும். நான் மேஜையையே பார்த்துக்கொண்டிருந்தேன். காது சூடாகிவிட்டது.

"உப்ப எப்ப போட்ட?" ரொம்ப மெதுவாகக் கேட்டாள்.

"ஆரம்பத்துலயே."

"பச்சத் தண்ணி?"

"அதுவும் ஊத்துனேன்."

அவள் மூச்சை இழுத்தாள்.

"கழுதை." குரல் நடுவில் உடைந்தது. தொண்டையைச் செருமிக்கொண்டு மறுபடியும் ஆரம்பித்தாள், இந்தத் தடவை கூடம் முழுக்கத் திரும்பிப் பார்த்தது. "கழுதை! எத்தன தடவ சொன்னாலும் மண்டையில ஏறாதா உனக்கு? ஒரு தடவ தப்பித் தவறி நல்லா வந்துட்டா உடனே பெரிய சமையக்காரன்னு நெனப்பு! உனக்கெல்லாம் வாயால சொன்னா ஆவாது. நானே வந்து, கையப் பிடிச்சுத்தான் காட்டணும்!"

"ஆமா," என்றேன். "வந்து காட்டு."

"வந்து காட்டத்தான் போறேன்! நீ பாரு!"

கண்ணீர் மூக்கு வழியாக இறங்கி ரொட்டியில் விழுந்தது. அவள் துடைக்கவில்லை. திட்டுவதையும் நிறுத்தவில்லை, தின்பதையும் நிறுத்தவில்லை. கடக், கடக் என்று ஒவ்வொன்றாகக் கடித்து, டப்பாவின் ஓரத்தையும் வழித்து முடித்தாள்.

விசாரணை மறுபடியும் தள்ளிப்போயிருக்கிறது. நான் சனிக்கிழமைகளில் உப்பை முதலிலேயே போட்டுவிடுகிறேன்.