பனங்கட்டி குடித்த குருவி

சிவப்புப் புள்ளி மட்டும் இருக்கிறது, படத்தில் குருவி இல்லை, கனடாவில், ஸ்காபரோவில் எங்கள் வீட்டுப் பின்வளவில் தொங்கும் சீனித்தண்ணீர்ப் போத்தலின் சிவப்புப் பிளாஸ்டிக் பூ தனியே ஆடுகிறது, நான் பொத்தானை அழுத்துமுன் ரீங்காரச்சிட்டு போய்விட்டிருக்கிறது, பெருவிரல் அளவேயான குருவி, இந்தக் கோடை முழுவதும் நான் எடுத்தவை இப்படியான படங்கள்தான், இறக்கையின் புகை, வாலின் நுனி, ஒன்றுமில்லாத காற்று, ஆனாலும் அந்த ரீங்காரம் கேட்டால் போதும், உடம்பெல்லாம் காதாகிவிடுகிறது, பேச்சுக் குறைந்த வீடு எங்களுடையது, அதற்குள் மனைவி தவமலரின் குரல் சமையலறை யன்னலில் இருந்து எழும், இஞ்சேருங்கோ, உங்கடை ஆள் வந்திட்டார், ஓடி வாங்கோ, நான் ஒற்றைச் செருப்போடு ஓடுவேன், அவர் போயிருப்பார், கலியாணத்துக்கும் இப்பிடித்தானே பிந்தி வந்தனீங்கள் என்று சிரிப்பாள்.

வெள்ளைச் சீனியை எங்கள் தேநீரில் இருந்தே விலக்கியவள் அவள், இந்தச் சின்ன உயிருக்கு மட்டும் அந்த நஞ்சைக் குடுக்கிறதோ என்று, ஒருநாள், ஊரில் கரவெட்டியில் இருந்து தங்கை அனுப்பிய பனங்கட்டியைக் கரைத்துப் போத்தலை நிரப்பினாள், எனக்கும் அது சரியென்றே பட்டது, குருவி வந்தது, குடித்தது, யன்னலோடு மூச்சடக்கி நின்றோம், பாத்தியளே, ஊர்ச்சாமான் எண்டால் அதுக்கும் தெரியுது என்றாள், மறுநாள் அது வரவில்லை, அதற்கடுத்த நாளும் இல்லை, மகள் ஆரபி தொலைபேசியில் அலறினாள், அம்மா, பனங்கட்டியோ ஊத்தினனீங்கள், வெள்ளைச் சீனியைத் தவிர வேறையொண்டும் அதுக்குக் கூடாது, செத்தும் போகும், தவமலர் போத்தலைக் கழுவினாள், மறுபடி கழுவினாள், அன்று பகல் தூக்கத்தில் என் உள்ளங்கையில் பனங்கட்டித் துண்டொன்று கிடந்தது, அதற்குள் ஒரு நெஞ்சு துடித்தது, கையை மூடினால் கரைந்துவிடும், திறந்தாலும் பறக்காது.

விழித்தேனா, இன்னும் கனவா, வெள்ளிக்கிழமை வெயில், குருவிக்காகப் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்துவிட்டு வந்த சேலையோடு அவள் புல்லில் நடக்கிறாள், நெற்றியில் பெரிய குங்குமப் பொட்டு, கையில் வெள்ளைச் சீனித்தண்ணீர், கொழுவியில் மாட்டிவிட்டு நிமிர்கிறாள், அப்போது கேட்கிறது, அதே ரீங்காரம், வேலிக்கு மேலால் ஒரு பச்சைத் தெறிப்பு, போத்தலை அது பார்க்கவேயில்லை, நேரே அவள் முகத்துக்கு முன் வந்து காற்றில் நிற்கிறது, அசையாதையும் என்கிறேன், உதடு திறவாமல் அவள், என்னைக் கொத்தப்போகுதப்பா, கொத்தட்டும், அசையாதையும், கமெராவின் பொத்தானை அழுத்துகிறேன், அழுத்துகிறேன், பொட்டில் தேன் இல்லையென்று கண்ட குருவி திரும்பாமல் பின்பக்கமாகவே பறந்து, போத்தலில் அலகை வைக்கிறது, உயிரோடை இருக்கிறார், இஞ்சேருங்கோ, உயிரோடை இருக்கிறார் என்று தவமலர் சின்னப்பிள்ளைபோலக் கத்துகிறாள், கத்திய சத்தத்தில் அது பறந்தும் போகிறது.

கமெராவுக்கு மேல் இரண்டு தலைகளும் முட்டக் குனிகிறோம், சிவப்புப் புள்ளி இருக்கிறது, அதைத் தொட ஒரு மயிரிழை மிச்சம் வைத்து ஊசி அலகு, அதற்குப் பின்னால் அவளுடைய இரண்டு கண்களும் மூக்கின்மேல் ஒன்றாகக் குவிந்து நிற்கின்றன, ஐயோ, மாறுகண்ணாய் நிக்கிறன், அழியுங்கோ அதை என்று கையை நீட்டுகிறாள், நான் கமெராவை முதுகுக்குப் பின்னால் ஒளித்துக்கொண்டு புல்லில் ஓடுகிறேன், இந்த முறை நான் பிந்தவில்லை.