பேப்பர் பார்த்துச் சுற்றவும்

சங்கரன்கோவில் நகராட்சி எல்லைக்குள் காகிதத்துக்குப் பயப்படாத ஒரே மனிதன் துரைப்பாண்டி. இந்த உண்மையைக் கண்டுபிடித்தவனும் துரைப்பாண்டிதான். தாலுகா ஆபீசுக்குப் பக்கத்தில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறவன் சொன்னால் மறுக்க ஆள் கிடையாது. சாமி படமும் மந்திரி படமும் இறந்தவர் படமும் ஒரே மிஷினில்தான் வருகின்றன. மூன்றுக்கும் ஒரே மைதான். சிக்கிக்கொண்டால் மூன்றையும் ஒரே மாதிரிதான் இழுத்துக் கிழிக்க வேண்டியிருக்கிறது. ஏழு வருடமாக இதைக் கண்ணால் பார்த்தவன் அவன். "பேப்பரைப் பாத்துப் பயப்படுத சமுதாயம் உருப்படாது" என்று டீக்கடையில் வைத்தே சொல்லியிருக்கிறான். கேட்டவர்கள் தலையாட்டினார்கள். டீக்கடைக்காரர் மட்டும், வடை வைத்துக் கொடுக்கும் தாளை ஒரு தரம் திருப்பிப் பார்த்துக்கொண்டார்.

உருப்படாத அந்தச் சமுதாயத்தின் கிளை ஒன்று அவன் வீட்டுக்குள்ளேயே இயங்கி வந்தது. அவன் மனைவி ஜெயசித்ரா.

மாதத்தில் அந்த நாலு நாளும், பயன்படுத்திய நாப்கின்களைச் சுருட்டி, பாத்ரூம் மூலையில் மூடி போட்ட பழைய பெயின்ட் டப்பாவில் சேர்த்து வைப்பாள். காலையில் குப்பை வண்டி வருமுன் பழைய பேப்பர் கட்டை எடுத்துக்கொண்டு அடுப்படித் தரையில் உட்காருவாள். ஒவ்வொரு தாளையும் இரண்டு பக்கமும் பார்ப்பாள். கோமதியம்மன் தேர் இருந்தால் அந்தத் தாள் தள்ளுபடி. கட்சித் தலைவர் சிரித்தால் தள்ளுபடி. கண்ணீர் அஞ்சலி, கல்யாண ஜோடி, பிளஸ் டூவில் நல்ல மார்க் எடுத்த பிள்ளைகள், எல்லாரும் தள்ளுபடி. கடைசியில் டெண்டர் அறிவிப்பு உள்ள தாள் ஏதாவது தேறும். அதில் சுற்றி, வெள்ளை நூலால் இரண்டு கட்டுப் போட்டு, மேலே சிவப்பு ஸ்கெட்சால் ஒரு பெருக்கல் குறி போடுவாள்.

"நாலு பஞ்சுக்கு ஒரு சென்சார் போர்டு" என்பான் துரைப்பாண்டி. "படத்துல இருக்கவங்க எந்திரிச்சா வரப்போறாங்க?"

"அவங்க வரமாட்டாங்க. அவங்க ஆளுக வருவாங்க."

"இந்தச் சிவப்புக் குறி என்னத்துக்கு? தபால் ஆபீஸ் சீலா?"

"எப்சிபா அக்கா என்னமோ ஏதோன்னு கையால பிரிச்சுப் பாக்காம இருக்கதுக்கு. நீங்க கடைக்குக் கெளம்புங்க."

எப்சிபா அந்தத் தெருவுக்குக் குப்பை வண்டி கொண்டுவரும் தூய்மைப் பணியாளர்.

அன்று செவ்வாய்க்கிழமை. மேலநீலிதநல்லூர் யூனியன் ஆபீசில் ஜெயசித்ராவுக்கு வேலை. ஏதோ ஆய்வாம், சீக்கிரமே பஸ் பிடிக்க வேண்டும். வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே சொன்னாள். "ஏங்க, டப்பாவுல இருக்கு. சுத்தி எப்சிபா அக்காட்ட குடுத்துருங்க. பேப்பர் பாத்துச் சுத்துங்க. வெளையாட்டுக்கு இல்ல, நெசமாத்தான் சொல்லுதேன்."

நாப்கினைத் தொடுவதில் துரைப்பாண்டிக்குக் கூச்சம் இல்லை. கல்லூரியில் படிக்கும்போது அதைப் பற்றி மேடையேறிப் பேசிக் கோப்பை வாங்கியவன். ஆகவே டப்பாவைத் திறந்தான். ஃபிரிட்ஜின் மேல் கிடந்த, சிவகாசியில் அடித்த வழவழப்பான கெட்டித் தாள் ஒன்றைக் கவரிலிருந்து உருவினான். கொள்கைப்படி அதைப் பார்க்காமலே சுற்றினான். நூல் கட்டவில்லை. குறி போடவில்லை. ஒளித்து வைப்பது அடிமைத்தனம் என்பதால் பொட்டலத்தைத் தெருவாசல் படியில் எல்லாரும் பார்க்க வைத்துவிட்டுக் குளிக்கப் போனான்.

திரும்பி வந்தபோது படியில் பொட்டலம் இல்லை. வேலை முடிந்தது என்று தலை சீவ ஆரம்பித்தான். பாதித் தலை சீவியிருந்தபோது தெருமுனையில் குப்பை வண்டிப் பாட்டு கேட்டது.

வண்டியோடு வந்த எப்சிபா வாசலில் நின்றாள். "குப்ப இருக்கா தம்பி?"

"இப்பத்தான எடுத்துட்டுப் போனீங்க, அக்கா?"

"நான் இப்பத்தான வாரேன். செவலை நாய் ஒண்ணு என்னத்தையோ கவ்விக்கிட்டு மேக்க போச்சு. ஒங்க வீட்டுதா?"

சிரித்துவிடலாம் என்றுதான் நினைத்தான். அதற்குள் ஃபிரிட்ஜின் மேல் கிடந்த காலிக் கவர் கண்ணில் பட்டது. கவரைப் பார்த்ததும், அதற்குள் இருந்தது என்ன என்பது நினைவுக்கு வந்தது.

தெருவின் மேற்குக் கோடியில் சுடலைமணி வீடு. நாலு ஜேசிபி வைத்திருப்பவர், சாதிச் சங்கத்தின் நகரச் செயலாளர். அவருடைய அப்பா பிச்சையா இறந்து இன்றைக்கு ஒரு வருடம். ஞாயிற்றுக்கிழமை சுடலைமணி தானே வீடு வீடாகப் போய் நினைவஞ்சலி நோட்டீஸ் கொடுத்தார். நடுவில் பிச்சையாவின் முகம், முறுக்கிய மீசையோடு, முழுத் தாளுக்கும். மேலே பேனாவில், அழகான எழுத்தில்: திரு. துரைப்பாண்டி அவர்கள், குடும்பத்துடன்.

போன வருடம் பிச்சையாவின் பதினாறாம் நாள் பேனரின் ஒரு ஓரம் கிழிந்தது. ராஜபாளையம் ரோட்டில் இரண்டு மணிநேரம் ஒரு பஸ்ஸும் நகரவில்லை. கிழித்தது காற்று என்று போலீஸ் விளக்கியபோது, எந்தப் பக்கத்துக் காற்று என்று ஒருவர் கேட்டார். அது வெறும் கிழிசல். இது அந்த முகத்தில் நாப்கின்.

யார் வேலை என்று அவர்கள் தேட வேண்டியதே இல்லை. பேர் போட்டிருக்கிறது. அதுவும் குடும்பத்துடன்.

கடையை அடித்து நொறுக்குவார்கள். அதைக்கூட நினைத்துப் பார்க்க முடிந்தது. அடுத்ததை முடியவில்லை. பஸ்ஸில் உட்கார்ந்திருக்கும் ஜெயசித்ரா சாயங்காலம் இதே தெரு வழியாகத்தான் நடந்து வருவாள். அது எந்தப் பொம்பளையுடையது என்று ஒரு கூட்டம் நடுத்தெருவில் நின்று கேட்கும்; நூறு ஆம்பளைகள் சேர்ந்து அவள் பேரைச் சொல்வார்கள். அந்தச் சத்தம் இப்போதே காதில் விழுவது போலிருந்தது. துரைப்பாண்டி பாதித் தலையோடு ஓடினான்.

தெருவில் வழி கேட்க வேண்டியிருக்கவில்லை. அடிகுழாய் அருகே வெள்ளைப் பஞ்சு கொஞ்சம். டிரான்ஸ்பார்மருக்குக் கீழே கொஞ்சம். ஒவ்வொன்றாகப் பொறுக்கிக் கால்சட்டைப் பைக்குள் திணித்துக்கொண்டே போனான். கடைசித் துணுக்கு சுடலைமணி வீட்டுப் பந்தலுக்குள் கிடந்தது.

பந்தலில் ஐம்பது நாற்காலிகள். சிவகிரியிலிருந்தும் திருவேங்கடத்திலிருந்தும் கொடி கட்டிய கார்கள் வந்து நின்றிருந்தன. மேடையில் ஆளுயரப் படத்தில் பிச்சையா. மூன்றாவது வரிசையில் ஓரத்து நாற்காலிக்குக் கீழே செவலை நாய். அதன் முன்னங்கால்களுக்கு நடுவே, ஒரு முனை பிய்ந்து, இன்னொரு பிச்சையா. ஒரு கண்ணும் பாதி மீசையும் மட்டும் வெளியே தெரிந்தன. அந்த ஒரு கண் துரைப்பாண்டியைத்தான் பார்த்தது.

அவன் அந்த நாற்காலியில் உட்கார்ந்து, பொட்டலத்தின் மேல் வலது காலை வைத்தான். காலை வைத்தது யார் முகத்தில் என்பது அப்புறம்தான் உறைத்தது. எடுக்கவும் முடியாது. நாய் உறுமியது.

"வாரும்வே தொரை." சுடலைமணி கறுப்புச் சட்டையில் வந்து நின்றார். "காலங்காத்தாலேயே வந்துட்டீரே. தலைகூடச் சீவாம வந்திருக்கீரே." அவரே அவன் சட்டையில் கறுப்பு பேட்ஜ் குத்திவிட்டார். "எந்திரியும், ரெண்டு பூ போடும்."

"இருக்கட்டும் அண்ணாச்சி." குரல் கீச்சென்று வந்தது. "கொஞ்சம் உக்காந்துக்கிடுதேன். கால் எந்திரிக்க மாட்டேங்கு."

கண்ணில் தண்ணீர் நின்றது. சுடலைமணி பக்கத்திலிருந்தவரிடம் திரும்பினார். "பாத்தீரா? இவரு நமக்குச் சொந்தமும் கெடையாது, ஒண்ணும் கெடையாது. எங்கப்பா ஒரு ஜெராக்ஸ் எடுக்கப் போயிருப்பாரு, அவ்வளவுதான். இந்தப் பாசத்த எங்க மருமகன்ட்ட பாக்க முடியல."

அவர் நகர்ந்ததும் நாய் பொட்டலத்தை இழுத்தது. நாற்காலி ஆடியது. பக்கத்து நாற்காலியில் சிவகிரிக்காரர் ஒருவர். கழுத்தில் பெரிய துண்டு. "என்ன தம்பி, கீழ நாயா?"

"ஆமா. நம்ம நாய்தான்."

"வாயில என்னது?"

"எலும்பு."

"நினைவு நாள்ல எலும்பா?" அவர் முழங்காலில் கையை ஊன்றி மெதுவாகக் குனிய ஆரம்பித்தார். வயிறு பெரியது, குனிவதற்கு நேரமாகும். எவ்வளவு நேரம் என்று துரைப்பாண்டிக்குத் தெரியவில்லை. நெஞ்சு அடித்த அடியில் பேட்ஜ் ஆடியது.

அப்போது காப்பித் தட்டு வந்தது. காப்பியோடு பன்னும். துரைப்பாண்டி பன்னை எடுத்து அடுத்த வரிசைக்குக் கீழே எறிந்தான். ஒரு பஞ்சுக்கும் ஒரு பன்னுக்கும் உள்ள வித்தியாசம் நாய்க்குத் தெரிந்திருந்தது. அது போனது. சிவகிரிக்காரரின் தலை நாற்காலி மட்டத்துக்கு இறங்குவதற்குள் துரைப்பாண்டி தடாலென்று தரையில் விழுந்து, மேடையைப் பார்த்துக் கும்பிட்டான். எழுந்தபோது தரையில் ஒன்றும் இல்லை. சட்டைக்குள், பனியனுக்கும் நெஞ்சுக்கும் நடுவில், எல்லாம் இருந்தது.

பந்தல் அமைதியாகிவிட்டது. சுடலைமணி மேடையிலிருந்து நேராக இறங்கி வந்தார். இரண்டு கையாலும் துரைப்பாண்டியை இழுத்துக் கட்டிப்பிடித்தார். இறுக்கமான பிடி. சட்டைக்குள் தாள் நொறுங்கும் சத்தம் அவனுக்குக் கேட்டது. அவருக்கும் கேட்டிருக்க வேண்டும். பிடியைத் தளர்த்தாமல் காதருகே கேட்டார்.

"நெஞ்சுல என்னமோ பொதியா இருக்கேவே?"

"துக்கம் அண்ணாச்சி."

சுடலைமணி கொஞ்ச நேரம் அவன் முகத்தையே பார்த்தார். பிறகு அதே இடத்தில் இரண்டு தரம் தட்டிக்கொடுத்தார். "பத்திரமாப் போவும்."

எப்சிபா வண்டியோடு அடிகுழாயருகே நின்றிருந்தாள். அவன் சுற்றும் முற்றும் பார்த்து, சட்டைக்குள்ளிருந்ததையும் கால்சட்டைப் பையில் இருந்ததையும் எடுத்து நீட்டினான். அவள் கையுறையோடு வாங்கினாள். மீசையைப் பார்த்தாள், மேலே எழுதியிருந்த பேரையும் வாசித்தாள். முகம் உள்ளே போகிற மாதிரி மடித்து, வண்டியிலிருந்த ஒரு பழைய தாளில் இறுக்கிச் சுற்றினாள்.

"வீட்டுக்கு வீடு பொட்டலம் எனக்குத் தெரியும் தம்பி. ஒங்க வீட்டுல நூல் கட்டி, சிவப்புக் குறி போட்டுத்தான வரும். இது யாரு சுத்துனது?"

"புது ஆளு அக்கா."

"புது ஆளுட்ட சொல்லுங்க. குறி இருந்தா நான் பிரிக்க மாட்டேன். இல்லாட்டி உள்ள என்ன கெடக்குன்னு கையவிட்டுத்தான் தரம் பிரிக்கணும். போன மாசம் ஒரு பொட்டலத்துல பிளேடு இருந்துச்சு." கையுறையைக் கழற்றாமலே பெருவிரலைத் தூக்கிக் காட்டிவிட்டு வண்டியை நகர்த்தினாள்.

சாயங்காலம் ஜெயசித்ரா பையை வைத்ததும் கேட்டாள். "குடுத்தாச்சா?"

"குடுத்தாச்சு."

"பேப்பர் பாத்தீங்களா?"

"ம்."

"சட்டையில என்ன கறுப்பு?"

"சுடலைமணி அண்ணாச்சி வீட்டுக்குப் போயிருந்தேன். மரியாதைக்கு."

ஜெயசித்ரா ஃபிரிட்ஜின் மேல் கிடந்த காலிக் கவரை எடுத்தாள். உள்ளே விரலை விட்டுப் பார்த்தாள். அவனைப் பார்த்தாள். கவரை மடித்துக் குப்பைக் கூடையில் போட்டுவிட்டு உலை வைக்கப் போனாள்.

மறுநாள் காலை அவள் எழுவதற்கு முன்பே துரைப்பாண்டி அடுப்படித் தரையில் உட்கார்ந்திருந்தான். பக்கத்தில் பெயின்ட் டப்பா, பேப்பர் கட்டு, நூல்கண்டு. முதல் தாளில் டெண்டர் அறிவிப்பு. நல்லதுதான். திருப்பினான். மறுபக்கத்தில் தபால்தலை அளவுக்கு ஒரு பேங்க் மேனேஜர் யாருக்கோ சால்வை போட்டுக்கொண்டிருந்தார். தள்ளி வைத்தான். அடுத்ததில் வாடகைக்கு வீடு. ஓரத்தில் ‘காணவில்லை’ என்று ஒரு பெரியவர் படம். காணாமல் போனவர்தானே என்று ஒரு கணம் யோசித்தான். காணாமல் போனவர்களுக்கும் ஆட்கள் இருப்பார்கள். தள்ளி வைத்தான். மூன்றாவது தாளில் இரண்டு பக்கமும் எழுத்து மட்டும். இருந்தாலும் அதை டியூப் லைட்டுக்கு நேரே பிடித்து இன்னொரு தரம் பார்த்தான்.

சுற்றினான். நூலை இரண்டு சுற்றுச் சுற்றி முடிந்தான். சிவப்பு ஸ்கெட்சால் பெருக்கல் குறி போட்டான். கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தவன், பொட்டலத்தைத் திருப்பி வைத்து, அந்தப் பக்கமும் ஒன்று போட்டான்.