ஷெரில் வாய் திறக்காத சனிக்கிழமை

ஷெரில் பாஸ்கோவுக்கு அறுபத்திரண்டு வயது. முட்டி இரண்டும் போய்விட்டன, இடது காது பாதிதான் கேட்கும். வாய் மட்டும் பதினெட்டு வயதில் இருந்த மாதிரியே இருந்தது. யல்காரி ஊர்க் கிளப், பந்தைக் கையாலும் பிடிக்கிற ஆஸ்திரேலியக் கால்பந்து ஆடுகிற சனிக்கிழமைகளில் அந்த வாய்க்கு ஓய்வே கிடையாது. மைதானத்து வேலியை ஒட்டி வண்டிகளை உள்பக்கம் பார்க்க நிறுத்திவிட்டு, ஹீட்டரைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தபடி ஆட்டம் பார்ப்பது ஊர் வழக்கம். நம் ஆள் கோல் அடித்தால் ஹாரன் அடிக்க வேண்டும். ஷெரிலின் கணவர் ப்ரூஸ் வண்டிக்குள் இருந்து ஹாரனைப் பார்த்துக்கொள்வார். அவள் வெளியே வேலிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு மற்றதையெல்லாம் பார்த்துக்கொள்வாள்.

ஹாரனுக்கு இப்போதெல்லாம் அதிகம் வேலை இல்லை. யல்காரி தொடர்ந்து இருபத்தேழு ஆட்டம் தோற்றிருந்தது. தோற்றால்கூடப் போகட்டும் என்று விடலாம், தோற்கிற லட்சணம்தான் வயிற்றெரிச்சல். கோலுக்கு ஆறு புள்ளி என்கிற ஆட்டத்தில் நூறு புள்ளி, நூற்றிருபது புள்ளி வித்தியாசம். நான்கு கால் பகுதிகளாக நடக்கிற ஆட்டத்தில் கடைசிக் கால் தொடங்குவதற்குள் பாதி வண்டிகள் ரிவர்ஸ் எடுத்துப் போய்விடும். மே மாதம் ஊரெல்லாம் காய்ச்சல் வந்து, ஆள் சேராமல் ஒரு ஆட்டத்தை அப்படியே விட்டுக்கொடுத்தார்கள். இன்னொரு தடவை இப்படி நடந்தால் கிளப்பின் பெயரைப் பட்டியலிலிருந்தே எடுத்துவிடுவோம் என்று லீக்கிலிருந்து கடிதம் வந்தது. அந்தக் கடிதம் கிளப் ஃப்ரிட்ஜ் கதவில் காந்தம் வைத்து ஒட்டப்பட்டிருந்தது. பீர் எடுக்கப் போகிற ஒவ்வொருவனும் அதைப் படித்துவிட்டுத்தான் எடுக்க வேண்டும்.

இந்த நிலைமையில்தான் போன சனிக்கிழமை ஷெரில் அந்த வார்த்தையை விட்டாள்.

ஜாரட் ஹாக்கிங் கோலுக்கு முன்னால் நிற்கிற கடைசித் தடுப்பாளன். முப்பத்தாறு வயது. செம்மறி ஆடுகளுக்கு ரோமம் கத்தரிக்கிற வேலை பார்த்து முதுகு பாதி போயிருந்தது. அன்றைக்குத் தலைக்கு நேராக வந்த பந்து அவன் கையில் பட்டு நழுவி, எதிரணிக்காரன் காலடியில் விழுந்து கோலாகிவிட்டது. அது அன்றைய இருபத்திரண்டாவது கோல். ஷெரிலுக்குத் தலைக்கேறிவிட்டது.

"ஜாரட்டு, உன்னால ஒண்ணும் ஆகாது, வீட்டுக்குப் போய் உக்காருடா," என்று கத்தினாள். "அங்கயாச்சும் எவளாவது உன்னை வேணும்னு சொல்றாளான்னு பாரு."

ஜாரட்டின் மனைவி இரண்டு பெண் பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு மார்ச் மாதமே பெண்டிகோவுக்குப் போய்விட்டாள். ஊருக்கே தெரியும். ஷெரிலுக்கு ஊருக்கு முன்னாலேயே தெரியும். அதற்கப்புறம் ஒரு மாதம் அவனுக்கு டப்பாவில் சாப்பாடு கொடுத்தனுப்பியதே அவள்தான். அந்த நேரத்தில் ஞாபகம் வரவில்லை, அவ்வளவுதான். ஜாரட் திரும்பி அவளை ஒரு தடவை பார்த்தான். பிறகு தன் இடத்துக்குப் போய் நின்றுகொண்டான்.

வீட்டுக்குப் போகிற இருபது கிலோமீட்டரும் ப்ரூஸ் பேசவில்லை. வாசல் கேட்டைத் திறக்க இறங்கும்போதுதான், "அது ரொம்ப அதிகம் ஷெரில்," என்றார்.

"தெரியும்," என்றாள். அன்று அவளுக்குச் சோறு தண்ணி இறங்கவில்லை.

வியாழக்கிழமைப் பயிற்சிக்கு ஜாரட் வரவில்லை. அவன் தம்பியும் வரவில்லை, சித்தப்பா பையன்கள் இரண்டு பேரும் வரவில்லை. அணிப் பெயர் எழுதுகிற பலகையில் பன்னிரண்டு பேர்தான் தேறினார்கள். கிளப் தலைவர் வேய்ன் டெம்பிள்டன், நாற்பத்தேழு வயசுக்காரன், தன் பெயரையும் எழுதிப் பார்த்தான். பதிமூன்று. பதினெட்டுப் பேர் ஆடுகிற ஆட்டத்தில் குறைந்தது பதினான்கு பேராவது இருந்தால்தான் களத்தில் விடுவார்கள். போதாததற்கு, கிளப் சார்பில் கோல் நடுவராக நிற்கிற மெர்வுக்கு இடுப்பில் ஆபரேஷன் ஆகியிருந்தது. அந்த இடத்தில் ஒரு கேள்விக்குறி போட்டுவிட்டு வேய்ன் சாக்பீஸைக் கீழே வைத்தான்.

"நான் போய் கூப்பிட்டா ஜாரட் வரமாட்டான் ஷெரில்," என்றான். "நீங்கதான் போகணும்."

"எந்த மூஞ்சியை வெச்சிக்கிட்டுப் போறது?"

"இருக்கிற மூஞ்சியை வெச்சிக்கிட்டுத்தான்."

கிளப் ஜெர்சிகளை வாராவாரம் துவைத்துக் காயப்போடுவது ஷெரிலின் பொறுப்பு. சனிக்கிழமை காலை கொடியிலிருந்து ஒவ்வொன்றாக எடுத்து மடித்தாள். ஜாரட்டின் ஆறாம் எண்ணுக்கு வந்ததும் கை நின்றது. அதை மட்டும் தனியாக எடுத்துக்கொண்டு வண்டியைக் கிளப்பினாள்.

ஜாரட் பின்வாசல் படியில் டீக்கோப்பையோடு உட்கார்ந்திருந்தான். நாய் எழுந்து வந்து ஷெரிலை முகர்ந்தது. அவன் எழுந்திருக்கவில்லை.

"வீட்ல உக்காரச் சொன்னீங்க," என்றான். "உக்காந்திருக்கேன்."

வழியெல்லாம் யோசித்து வைத்திருந்த பேச்சு முழுக்க ஷெரிலுக்கு மறந்துபோனது. "நான் சொன்னது தப்புடா," என்றாள். "தப்புன்னா சின்னத் தப்பு இல்ல. வாய்ல புழு வெச்சிருந்தாத்தான் அப்படிப் பேச முடியும். மன்னிச்சுக்கோன்னு கேக்க வந்தேன். நீ ஆடுனாலும் ஆடாட்டாலும் அதைச் சொல்லிட்டுப் போயிடுவேன்."

ஜாரட் டீயை ஒரு வாய் குடித்தான்.

"கையில வெண்ணெய் தடவிட்டு வந்தியான்னு கேளுங்க, எங்க தாத்தா என்னைவிட வேகமா ஓடுவாருன்னு சொல்லுங்க. பதினாறு வருஷமா கேட்டுக்கிட்டுத்தானே இருக்கேன். அது ஆட்டம். இது வேற." கோப்பையைக் கீழே வைத்தான். "வாராவாரம் ஆட்டம் முடிஞ்சதும் என் பெரியவ ஃபோன் பண்ணுவா. அப்பா ஜெயிச்சியான்னு கேப்பா. தோத்துட்டேன்னு சொல்வேன். எத்தனை புள்ளின்னு கேட்டு நோட்டுல எழுதி வெச்சுக்குவா. போன வாரம் ஃபோன் அடிச்சுது, நான் எடுக்கல. எடுத்தா அழுதுருவேன்னு பயம்."

ஷெரில் ஜெர்சியை அவன் பக்கத்தில் படியில் வைத்துவிட்டுத் திரும்பினாள்.

"நில்லுங்க," என்றான் ஜாரட். "தம்பியையும் சித்தப்பா பசங்களையும் கூட்டிட்டு வரேன். ஒரே ஒரு கண்டிஷன். மெர்வோட வெள்ளைக் கோட்டை நீங்க போட்டுக்கணும்."

ஷெரிலுக்கு ஒரு நொடி புரியவில்லை. புரிந்ததும் முகம் வெளுத்துப்போனது. கோல் நடுவர் ஆட்டம் முடிகிற வரைக்கும் தன் அணி, எதிரணி என்று பார்க்கக் கூடாது. கத்தக் கூடாது, முனகக் கூடாது, சிரிக்கக்கூடக் கூடாது.

"நாலு கால் ஆட்டமுமா?"

"நாலும். என் முதுகுக்குப் பின்னாடி நீங்க நிப்பீங்க. ஒரு சத்தம் வரக் கூடாது."

"செத்துருவேன்டா."

"பாக்கலாம்," என்றான். அந்த வாரம் முழுக்க முதல் தடவையாக அவன் முகத்தில் ஏதோ சிரிப்பு மாதிரி வந்தது.

மதியம் இரண்டு மணிக்கு யல்காரி பதினேழு பேரோடு களம் இறங்கியது. எதிரே டன்ஸ்ஃபோர்ட். பட்டியலில் கடைசிக்கு முந்தின இடம், அதனால் ரொம்ப அலட்டலாக வந்திருந்தார்கள். வெள்ளைக் கோட்டு ஷெரிலுக்கு முழங்காலுக்குக் கீழே தொங்கியது. இரண்டு கையிலும் இரண்டு கொடி. வேலியோரம் இருந்தவர்கள் அவளைப் பார்த்துவிட்டு ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"ஷெரிலுக்கு உடம்பு சரியில்லையா?" என்று யாரோ ப்ரூஸைக் கேட்டார்கள்.

"இனிமேதான் கெடும்," என்றார் ப்ரூஸ்.

ஒவ்வொரு கால் ஆட்டத்துக்கும் அணிகள் பக்கம் மாறும், கோல் நடுவர் மட்டும் அதே இடத்தில் நிற்பார். முதல் காலில் யல்காரி அவள் பக்கத்துக் கோலைத் தாக்கியது. ஐந்தாவது நிமிஷமே கோல். கோல் என்பதற்கு அடையாளமாக ஷெரில் இரண்டு விரல்களை நீட்டி, இரண்டு கொடிகளையும் ஆட்டினாள். உள்ளே துள்ளிய துள்ளலுக்குக் கன்னத்தைக் கடித்துக்கொண்டாள். வேலிப்பக்கம் ப்ரூஸின் ஹாரன் இரண்டு தடவை இருமிவிட்டு அடித்தது. அதற்குப் பிறகு இன்னும் இரண்டு கோல். வேய்ன் வேறு அந்த வயசில் விழுந்து புரண்டு ஒரு கோல் அடித்துவிட்டு, எழுந்திருக்க ஆள் தேடினான்.

இரண்டாவது காலில் ஜாரட் அவளுக்கு முன்னால் வந்து நின்றான். பந்து மழையாக வந்தது. மூன்றைப் பிடித்தான், இரண்டைத் தட்டிவிட்டான், நான்கு கோலாகின. அந்த நான்குக்கும் ஷெரில் கொடி ஆட்டினாள். எதிரணிக்குக் கொடி ஆட்டுவது இவ்வளவு கனமான வேலை என்று மெர்வ் ஒரு நாளும் சொன்னதில்லை.

"என்ன ஷெரில், ரொம்ப அமைதியா இருக்கீங்க?" என்றான் ஜாரட், திரும்பிப் பார்க்காமலே. அவள் பல்லைக் கடித்துக்கொண்டு நேரே பார்த்தாள். சும்மா இருந்தபோதுதான் அவளுக்கு ஒன்று தெரிந்தது. அவன் மூச்சு வாங்குவது கேட்டது. குதித்து இறங்குகிற ஒவ்வொரு தடவையும் முதுகைப் பிடித்துக்கொண்டு, யாரும் பார்ப்பதற்குள் கையை எடுத்துவிடுகிறான். இத்தனை வருஷம் வேலியில் நின்று கத்தியதில் இதையெல்லாம் அவள் பார்த்ததே இல்லை. அவளுக்கு வெட்கமாக இருந்தது.

மூன்றாவது கால் முடிந்தபோது யல்காரி ஏழு புள்ளி முன்னால் இருந்தது. ஒரு வண்டிகூட ரிவர்ஸ் எடுக்கவில்லை. இறைச்சி அடைத்த பேஸ்ட்ரி விற்கிற ஜன்னலை மூடிவிட்டு அங்கிருந்தவர்களும் வேலிக்கு வந்துவிட்டார்கள்.

கடைசிக் கால் முழுக்க ஜாரட்டின் தலையில்தான் விடிந்தது. அடித்தார்கள், தடுத்தான். அடித்தார்கள், தடுத்தான். கோல் கம்பத்துக்கு வெளியே போனது மூன்று, ஒவ்வொன்றுக்கும் ஒரு புள்ளி. நான்கு புள்ளி முன்னிலை மிச்சம் இருந்தது. அப்போது டன்ஸ்ஃபோர்ட்டின் நெட்டையன் ஒருவன் கோலிலிருந்து நாற்பது மீட்டரில் பந்தைத் தாவிப் பிடித்தான். அவன் தரைக்கு வந்த அதே நொடியில் ஆட்டம் முடிகிற சைரன் அடித்தது. ஆனாலும் பிடித்த பந்தை உதைக்க அவனுக்கு உரிமை உண்டு. கோல் என்றால் ஆறு புள்ளி.

உதைத்தான். பந்து நேராக, கொஞ்சம் தாழ்வாக வந்தது. ஜாரட் கோட்டின்மேல் நின்று இருந்த பலம் முழுவதையும் சேர்த்துத் தாவினான். பந்து அவன் விரல்களைத் தாண்டி உள்ளே விழுந்தது. ஜாரட் மல்லாந்து விழுந்தவாறே கையைத் தூக்கினான், பட்டுவிட்டது என்று. தடுப்பாளன் எவனாக இருந்தாலும் அப்படித்தான் கையைத் தூக்குவான், பழக்கம். கோட்டைத் தாண்டுவதற்குள் அவன் விரல் பட்டிருந்தால் அது கோல் இல்லை, வெறும் ஒரு புள்ளி.

கள நடுவர் ஓடிவந்து அவளைப் பார்த்தார். எல்லோரும் அவளைப் பார்த்தார்கள். அவ்வளவு பக்கத்தில் வேறு யாரும் இல்லை. ஒரு விரலை நீட்டினால் இருபத்தேழு ஆட்டத்துக்குப் பிறகு வெற்றி. இரண்டு விரலை நீட்டினால் இருபத்தெட்டாவது தோல்வி. ஒரு விரலை நீட்டினால் யாராலும் ஒன்றும் கேட்க முடியாது. ஷெரில் அந்த ஒரு விரலை நீட்ட எவ்வளவு ஆசைப்பட்டாள் என்பது அவளுக்குத்தான் தெரியும். போன வாரம் இவனை ஊர் முன்னால் அவமானப்படுத்தினோம், இன்றைக்கும் நம் கையாலேயே இவனைத் தோற்கடிக்க வேண்டுமா என்று நினைத்தாள்.

ஆனால் அவள் பார்த்திருந்தாள். இரண்டு விரல்களை நீட்டினாள். கொடிகளை எடுத்து ஆட்டும்போது கண் நிறைந்து, எதிரே ஒன்றும் தெரியவில்லை.

டன்ஸ்ஃபோர்ட் வண்டிகளின் ஹாரன் அடித்து ஓய்ந்தது. ஜாரட் புல்லில் படுத்தபடியே அவளைப் பார்த்தான்.

"கையத் தூக்கினேனே, பாக்கலயா?"

"பாத்தேன். பந்தையும் பாத்தேன்."

"எவ்வளவு இருந்துது நடுவுல?"

ஷெரில் சுண்டுவிரலைக் காட்டினாள். ஜாரட் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்க ஆரம்பித்தான்.

"எனக்கும் தெரியும், படல," என்றான். "நீங்க என்ன பண்ணப்போறீங்கன்னுதான் தெரியல."

அப்போது வேலிப்பக்கம் ஒரு ஹாரன் அடித்தது. இருமிவிட்டு அடிக்கிற ஹாரன், ப்ரூஸுடையது. விடாமல் அடித்தார். பக்கத்து வண்டி சேர்ந்துகொண்டது, அதற்கடுத்தது சேர்ந்துகொண்டது, மைதானத்தைச் சுற்றி எல்லா வண்டியும் அலறியது. தோற்றுப்போனதற்கு அந்த ஊரில் யாரும் ஹாரன் அடித்ததில்லை. களத்தில் மற்றவர்கள் எங்கே நின்றார்களோ அங்கேயே நின்று கேட்டுக்கொண்டிருந்தார்கள். வேய்ன் மட்டும் உட்கார்ந்து கேட்டான்.

உடை மாற்றும் அறை வாசலில் ஜாரட் ஃபோனை எடுத்தான். இந்தத் தடவை அவனே கூப்பிட்டான்.

"தோத்துட்டோம்டா செல்லம். எழுதிக்கோ, ரெண்டு. இல்லம்மா, நூத்தி ரெண்டு இல்ல, ரெண்டேதான்... ஷெரிலா? அவங்க இன்னிக்குக் கத்தவே இல்ல... நெஜமா." அழுக்கு ஜெர்சிகளைக் கூடையில் போட்டுக்கொண்டிருந்த ஷெரிலிடம் ஃபோனை நீட்டினான். "நம்ப மாட்டேங்குறா. நீங்களே சொல்லுங்க."

ஷெரில் கையைக் கோட்டில் துடைத்துக்கொண்டு ஃபோனை வாங்கி, நல்ல காதில் வைத்தாள். மத்தியானத்திலிருந்து அடக்கி வைத்திருந்ததில் குரல் கரகரத்தது.

"ஒரு விரக்கடைதான் கண்ணு குறைஞ்சுது," என்றாள். "அடுத்த சனிக்கிழமை தொட்டுருவான் உங்கப்பன்."