மூடுபனியில் காத்திருந்த பீரங்கிகள்

அன்று விடிந்ததே தெரியவில்லை. இசோன்சோ ஆற்றுப் பள்ளத்தாக்கை மூடுபனி அடைத்துக் கிடந்தது. எதிரி விடாமல் பொழிந்த குண்டுமழை சட்டென்று ஓய்ந்திருந்தது. அந்த அமைதியில், இத்தாலியப் பீரங்கிப்படையின் சார்ஜெண்ட் ஒலிந்தோ பிரெஸ்ஸான் காதைத் தீட்டிக்கொண்டு நின்றான்.

முதல் உலகப்போர் தொடங்கியதிலிருந்து அந்த ஆற்றங்கரையில் நடந்த எல்லாத் தாக்குதலிலும் சுட்ட ரெஜிமென்ட் அவனுடையது. இன்று அதற்கு வாய்ப்பூட்டு. மேலிடத்து உத்தரவில்லாமல் ஒரு குண்டும் போகக்கூடாது. தொலைபேசிக் கம்பியோ எங்கேயோ அறுந்துவிட்டது. கேப்டன் சர்தொரெல்லி தொலைபேசியின் கைப்பிடியைச் சுற்றிக்கொண்டே இருந்தார்.

"ஐயா, கீழ ரோட்டுல ஆளுங்க நடக்கிற சத்தம் கேக்குது."

"நம்ம ஆளுங்களா இருக்கும், பிரெஸ்ஸான்."

கோவேறு கழுதைகளைப் பிடித்து நின்ற பேப்பி ஒலிந்தோவின் காதருகே வந்தான். "நம்ம ஆளுங்கன்னா இந்நேரம் நாலு கெட்ட வார்த்தையாவது கேட்டிருக்கும், சார்ஜெண்ட்டு. இவனுங்க வாயே தொறக்கல."

கேப்டன் கோழை அல்ல. போன கோடையில் அவருடைய குண்டுகள் தவறிப்போய்ச் சொந்தக் காலாட்படை மேலேயே விழுந்தன. அந்த உடல்களைப் போய்ப் பார்த்தவர் அவர். அதன்பின் கண்ணால் காணாத எதையும் சுட அவருக்குக் கை வரவில்லை.

"நான் பாத்துட்டு வரேன் ஐயா" என்று ஒலிந்தோ சரிவில் இறங்கினான்.

சாலையோரப் புதரில் படுத்தான். பத்தடி தூரத்தில் காதுவரை இறங்கிய ஜெர்மானியத் தொப்பிகள் வரிசையாகப் போயின. ஒருவன் ரொட்டி தின்றபடி நடந்தான். இத்தாலியப் படையின் ரொட்டி. அப்படியென்றால் முன்னணிப் பதுங்குகுழிகள் எப்போதோ எதிரி கையில் விழுந்துவிட்டன. வரிசையின் முன்பகுதி பீரங்கிகளைத் தாண்டி, பீரங்கிக்காரர்களின் முதுகுப்பக்கம் போய்க்கொண்டிருந்தது.

மூச்சிரைக்க மேலே ஏறினான். "ஜெர்மன்காரனுங்க ஐயா! நம்மளைத் தாண்டிப் போயிட்டானுங்க. பீரங்கியைத் திருப்பணும்."

"உத்தரவு வரலையே."

"குடுக்க வேண்டியவங்க இருக்காங்களான்னே தெரியல ஐயா!"

கேப்டன் தொலைபேசியைக் காதில் அழுத்திக் கண்களை மூடிக்கொண்டார். சுடு என்றும் சொல்லவில்லை, சுடாதே என்றும் சொல்லவில்லை. ஒலிந்தோ ஆட்களைக் கூவி அழைத்துப் பீரங்கிகளைத் திருப்பினான். சுட்டான். பனிக்குள் அலறல் எழுந்தது. திரும்பத் திரும்பச் சுட்டான். மேல்சரிவிலிருந்து இயந்திரத் துப்பாக்கி வெடித்து, பேப்பி தன் கழுதையின் காலடியிலேயே சாய்ந்தபோதுதான் நிறுத்தினான். ஜெர்மானியர்கள் நாலா பக்கமும் நின்றார்கள்.

கைகளைத் தலைமேல் வைக்கச்சொல்லி, பீரங்கிக்காரர்களைச் சாலைக்கு இறக்கினார்கள். அங்கே கிடந்தவர்களை ஒலிந்தோ பார்த்தான். ஜெர்மானியர்கள் கிடந்தார்கள். கொஞ்சம் தள்ளி, ஆயுதமில்லாமல், சாம்பல்பச்சைச் சீருடையிலும் சிலர் கிடந்தார்கள். கைதிகளாக ஓட்டி வரப்பட்ட இத்தாலியர்கள். ஒருவன் கை இன்னும் அசைந்தது. காவலன் துப்பாக்கிக் கட்டையால் ஒலிந்தோவைத் தள்ளினான். கேப்டன் தலைகுனிந்தே நடந்தார், எதையும் பார்க்கவில்லை.

கைதி முகாமில் பசி எல்லோரையும் உருக்கியது. ஒருநாள் கேப்டன், அதிகாரிகளைத் தனியே பிரித்து வைத்திருந்த முள்வேலிக்கு அந்தப் பக்கம் வந்து நின்றார். முகத்தில் எலும்புதான் மிச்சம்.

"பிரெஸ்ஸான், அன்னிக்கு நீ சுட்டது... ரோட்டுல அவங்க மட்டும்தானே இருந்தாங்க?"

ஒலிந்தோ வேலிக் கம்பியை இறுகப் பிடித்தான்.

"அவங்க மட்டும்தான் ஐயா."