ஆறு மூஞ்சி அட்டை

குழந்தைகளின் இதய அறுவை வார்டில் பெரிய சிஸ்டருக்கு 'ஆறு மூஞ்சி' என்று பெயர் வைத்தது யார் என்பது இன்றுவரை பிடிபடவில்லை. வைத்தவர் கெட்டிக்காரர்தான். அவள் பையில் எந்நேரமும் ஓர் அட்டை இருக்கும். அதில் வரிசையாக ஆறு முகங்கள். முதல் முகம் வாய்கொள்ளாமல் சிரிக்கும், கடைசி முகம் கண்ணீர் விட்டு அழும், நடுவில் உள்ள நாலும் கொஞ்சம் கொஞ்சமாகச் சுருங்கிக்கொண்டே போகும். இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை அட்டையைப் பிள்ளை முன்னால் நீட்டி, "இப்ப எவ்ளோ வலிக்குது, தொட்டுக் காட்டு" என்பாள். சிரிக்கிற முகம் பூஜ்யம், அடுத்தடுத்த முகத்துக்கு இரண்டிரண்டாக ஏறி அழுகிற முகம் பத்து. நாலைத் தாண்டினால் ஊசி. தாண்டாவிட்டால் மணிக்கணக்குப்படி கொடுக்கும் சாதாரண மருந்தோடு சரி.

அந்த அட்டை ஒன்றும் சும்மா வந்துவிடவில்லை. அவள் வேலைக்குச் சேர்ந்த புதிதில், நெஞ்செலும்பைப் பிளந்து கம்பி போட்டு மூடிய பிள்ளை அழுதால், பசிக்கு அழுகிறது, அம்மாவைத் தேடுகிறது, பாசாங்கு பண்ணுகிறது என்று ஆளுக்கொன்று சொல்வார்கள். வலிக்கிறது என்று மட்டும் ஒருத்தர் வாயிலும் வராது. பெரிய டாக்டர்களோடு வருஷக்கணக்கில் மல்லுக்கு நின்றுதான் அவள் அதை மாற்றினாள். புதிதாக வரும் நர்ஸ்களிடம் முதல் நாளே சொல்லிவிடுவாள்: "உங்க கண்ணுக்கு என்ன தோணுதோ அத எழுதாதீங்க. பேசத் தெரிஞ்ச பிள்ள வலிக்குதுன்னா வலிக்குது, இல்லன்னா இல்ல. அதுக்கு மேல பேச்சே கெடையாது." நல்ல விதி. அந்த நல்ல விதிதான் அவள் காலை வாரியது.

மூன்றாம் கட்டிலில் எட்டு வயதுப் பெண் ஒருத்தி இருந்தாள். இதயத்தில் இருந்த ஓட்டையை அடைத்திருந்தார்கள். வார்டே அவளை வாயாடி என்றுதான் கூப்பிட்டது. மயக்கம் தெளிந்து, மூச்சுக்காகத் தொண்டையில் போட்டிருந்த குழாயை எடுத்ததும் அவள் கேட்ட முதல் கேள்வி, "என் இதயத்தத் தச்சப்போ வெளிய எடுத்து எங்க வச்சிருந்தீங்க, தட்டுலயா?" என்பது. வலி என்றால் கூச்சமே இல்லாமல் ஐந்தாம் முகத்தைத் தொடுவாள். ஊசி போட்ட அரை மணியில் இரண்டாம் முகத்துக்கு வந்துவிடுவாள். நுரையீரல் விரிவதற்காக ஒரு பிளாஸ்டிக் குப்பி கொடுப்பார்கள். மூச்சை உள்ளே இழுத்தால் அதற்குள் நீலப் பந்து மேலே ஏறும். வாயாடி அதை உச்சி வரை ஏற்றிவிட்டுப் பக்கத்துக் கட்டிலைப் பெருமையாகப் பார்ப்பாள்.

பக்கத்துக் கட்டிலில் நாலு வயதுப் பாப்பா. குண்டுக் கன்னமும் மிக மோசமான இதயமும். அறுவைக்கு மறுநாள் காலை பாப்பா ஆறாம் முகத்தைத் தொட்டாள். பெரிய சிஸ்டர் உடனே ஊசி மருந்தை ஏற்றினாள். "இதோ, இப்ப வலியெல்லாம் ஓடிப்போயிடும் பாரு" என்று தலையைத் தடவினாள். பாப்பா தூங்கிப்போனாள். ஒரு மணி நேரம் கழித்து அவளுடைய இதயத்துடிப்பு தாறுமாறாகிப் போயிற்று. நடுவில் திரையை இழுத்தார்கள். நாற்பது நிமிஷம் மாறி மாறி நெஞ்சை அழுத்திப் பார்த்தார்கள். மதியச் சாப்பாட்டு நேரத்துக்குள் அந்தக் கட்டிலில் புது விரிப்பு போட்டாயிற்று.

"பாப்பா எங்க சிஸ்டர்?" என்றாள் வாயாடி.

பெரிய சிஸ்டர் மருந்து பம்பை மாற்றிக்கொண்டிருந்தாள். திரும்பவில்லை. திரும்பினால் முகம் காட்டிக்கொடுத்துவிடும். "பாப்பாவுக்கு இனிமே வலியே இல்லடா செல்லம்" என்றாள்.

கேள்வி கேட்டே ஆளைக் கொல்கிறவள் அதற்குமேல் ஒன்றும் கேட்கவில்லை. அப்போதே உறைத்திருக்க வேண்டும். உறைக்கவில்லை. வார்டில் இன்னும் ஏழு பிள்ளைகள் இருந்தார்கள்.

இரண்டு மணிக்கு வாயாடி முதல் முகத்தைத் தொட்டாள். நாலு மணிக்கும் முதல் முகம், ஆறு மணிக்கும் அதே. "தேறிட்டாளே என் ராசாத்தி" என்று பெரிய சிஸ்டர் பூஜ்யம் எழுதினாள். ராத்திரி நர்ஸிடமும் அதே முகம்தான். மறுநாள் காலை எட்டு மணிக்கும் பத்து மணிக்கும் பூஜ்யம். ஆனால் மேலுதட்டில் வியர்வை நின்றது. கை விரிப்பை இறுக்கிப் பிடித்திருந்தது. நீலப் பந்து அடியை விட்டு அசையவே இல்லை. கேட்டால் "தூக்கம் வருது" என்றாள்.

சின்ன டாக்டர் கட்டிலுக்கு வந்து மானிட்டரைப் பார்த்தார். "சிஸ்டர், துடிப்பு நூத்தி நாப்பதுல நிக்குது. இருமச் சொன்னா மாட்டேங்குறா. வலியா இருக்குமோ? ஒரு ஊசி குடுத்துப் பாக்கலாமா?"

"டாக்டர், அவளுக்கு வாய் இருக்குல்ல? இப்பதான் கேட்டேன். பூஜ்யம். ஒரு காலத்துல வலிக்குதுன்னு சொன்ன பிள்ளைய யாரும் நம்பல. இப்ப வலிக்கலன்னு சொல்றவளையும் நம்ப மாட்டீங்களா?"

சின்ன டாக்டருக்கு அவளிடம் எப்போதும் கொஞ்சம் பயம். "சரி சிஸ்டர், லேசா காய்ச்சல் இருக்கு, அதனாலயும் இருக்கலாம்" என்று நகர்ந்துவிட்டார்.

பன்னிரண்டு மணிக்கு வாயாடியின் அம்மா வந்தாள். மகள் பக்கத்தில் கொஞ்ச நேரம் நின்றுவிட்டுப் பெரிய சிஸ்டரிடம் வந்தாள். "சிஸ்டர், வீட்ல இவ விரல்ல முள்ளு குத்தினாலே தெருவையே கூட்டிடுவா. இப்படிப் பொட்டுப்பேச்சு இல்லாம கெடக்குறா. எனக்கு மனசே சரியில்ல."

"நல்லா ஆயிட்டு வராம்மா. வலி இருந்தா அவளே சொல்லுவா" என்று சொல்லிவிட்டு, அம்மாவின் கண்ணெதிரேயே அட்டையை நீட்டினாள். சின்ன விரல் நேராகச் சிரிக்கிற முகத்துக்குப் போயிற்று. "பாத்தீங்களா?" என்றாள் பெரிய சிஸ்டர். அம்மா அட்டையைப் பார்க்கவில்லை, மகளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

இரண்டு மணிக்குப் பெரிய சிஸ்டர் கையால் ஏழாவது பூஜ்யம். மூன்று மணிக்கு மானிட்டர் கத்தியது. ஆக்சிஜன் தொண்ணூறுக்குக் கீழே இறங்கி, முகமூடி வைத்தும் ஏற மறுத்தது. எக்ஸ்ரேயில் இடது நுரையீரலின் கீழ்ப்பாதி வெள்ளையாகக் கிடந்தது. மூச்சு இழுத்தால் வலிக்கிறது என்று ஒரு நாள் முழுக்க மேலாக மூச்சு விட்டு, இருமாமல் சளியை உள்ளேயே அடக்கி, பாதி நுரையீரலைச் சுருங்க விட்டிருந்தாள் அந்தப் பெண்.

மயக்க மருந்து கொடுத்து மறுபடி குழாய் போட வேண்டும். பெரிய சிஸ்டர் ஊசியோடு குனிந்தபோது வாயாடி அவள் கையைப் பார்த்தாள். உதடு நீலம் பாரித்திருந்தது.

"வலிக்கல சிஸ்டர். நெசமாவே வலிக்கல. பாப்பாவுக்குப் போட்டத எனக்குப் போடாதீங்க."

சொல்லிவிட்டு வாயை அகல விரித்துச் சிரித்தாள். அட்டையில் இருக்கும் முதல் முகம் அப்படியே அங்கே இருந்தது.

பெரிய சிஸ்டருக்கு எல்லாம் அந்த ஒரு நொடியில் விளங்கியது. பாப்பா அழுகிற முகத்தைத் தொட்டாள், ஊசி வந்தது, பாப்பா தூங்கினாள், திரை வந்தது, கட்டில் காலியாயிற்று. கேட்டதற்கு, இனிமேல் வலியே இல்லை என்று பதில் சொன்னவள் இவளேதான். பிள்ளை சரியாகத்தான் கணக்குப் போட்டிருக்கிறது.

"அது அப்படி இல்லடா..." என்று ஆரம்பித்தாள்.

"ஆக்சிஜன் எழுபதுக்கு வந்துடுச்சு சிஸ்டர், குடுங்க" என்றார் சின்ன டாக்டர்.

கொடுத்தாள். அந்தச் சிரிப்பு தானாக அவிழ்ந்து போவதை அவள் பார்த்துக்கொண்டு நிற்க வேண்டியிருந்தது.

அன்று மாலையே அம்மாவிடம் போய், "தப்பு என்னோடது" என்று ஒன்றுவிடாமல் சொன்னாள். திட்டியிருந்தால் ஆறுதலாக இருந்திருக்கும். அம்மா, "நான்தான் சொன்னேனே சிஸ்டர்" என்று மட்டும் சொன்னாள். வலிப் பதிவேட்டில் ஏழு பூஜ்யங்கள் பெரிய சிஸ்டரின் கையெழுத்திலேயே வரிசையாக இருந்தன. எழுதியதை அழிக்க முடியாது, அழிக்கவும் கூடாது.

ஐந்து நாள் இயந்திரம்தான் மூச்சு விட்டது. குழாய் வழியாகச் சளியை உறிஞ்சி எடுத்து, நுரையீரலை அங்குலம் அங்குலமாக விரிய வைத்தார்கள். வலி மருந்து நிற்காமல் ஓடிக்கொண்டிருந்தது. அம்மா தினமும் காதோரம் குனிந்து பேசினாள். ஆறாம் நாள் குழாயை எடுத்தார்கள்.

பெரிய சிஸ்டர் அட்டையை எடுக்காமல் கட்டில் ஓரமாக உட்கார்ந்தாள்.

"பாப்பா செத்துப்போயிட்டாம்மா. அவ இதயம் ரொம்ப மோசமா இருந்துச்சு, நின்னுபோச்சு. ஊசியால இல்ல. அன்னிக்கு நான் ஒழுங்காச் சொல்லல. அது என் தப்பு."

வாயாடியின் குரல் தேய்ந்து வந்தது. "செத்தது தெரியும். திரைக்குக் கீழ எல்லாரோட காலும் தெரிஞ்சுது. அவ அம்மா தரையில உக்காந்துட்டாங்க."

"உனக்கு அன்னிக்கு வலிச்சுதா?"

வாயாடி கையை நீட்டினாள். பெரிய சிஸ்டர் அட்டையைக் கொடுத்தாள். விரல் ஆறாம் முகத்தில் போய் நின்றது.

"எல்லா நேரமுமா?"

தலையாட்டினாள்.

"எப்ப நின்னுச்சு?"

"நீங்க தூங்க வச்சீங்கல்ல, அப்ப. நடுவுல நடுவுல முழிச்சேன். வலியே இல்ல. அம்மா பேசுறது கேட்டுச்சு, என்னால பேச முடியல." எச்சிலை விழுங்கினாள். "அதான், நானும் செத்துட்டேன்னு நெனச்சு சும்மா படுத்திருந்தேன்."

"அஞ்சு நாளுமா?"

"எத்தன நாளுன்னு தெரியாது சிஸ்டர்."

எதிர்ப்பக்கம் நின்ற அம்மா கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். பெரிய சிஸ்டர், இப்போது எவ்வளவு வலிக்கிறது என்று கேட்டாள். வாயாடி அட்டையைப் பார்த்தாள், மருந்து வண்டியைப் பார்த்தாள், பக்கத்துக் கட்டிலைப் பார்த்தாள். அதில் வேறொரு பிள்ளை படுத்திருந்தது. அப்புறம் சிரிக்கிற முகத்தைத் தொட்டாள்.