குடும்பத் தலைவரின் தொழில்

அக்குறணையில் முதலாளி அல்லாத ஓர் ஆணைக் கண்டுபிடிப்பது கஷ்டம். கடை வைத்திருப்பவர் முதலாளி. வைத்திருந்தவரும் முதலாளி. வைக்கப்போவதாகச் சொல்லித் திரிகிறவரைக்கூட ஊர் மரியாதை குறைத்துக் கூப்பிடுவதில்லை. பாயிஸாவின் புருஷன் ஹாஷிம் இரண்டாவது வகை. துணிக்கடை வெள்ளத்தோடு போய் நாலு வருஷம். இப்போது கண்டியில் ஒரு கூட்டாளியோடு மொத்த வியாபாரம் என்று சொல்லி, மடிப்புக் கலையாத சேர்ட்டோடு தினமும் காலை பஸ்ஸில் போய்வருகிறார்.

அவர் வீட்டிலிருந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஏழைக் குடும்பங்களுக்கு அரசாங்கம் கொடுக்கும் அஸ்வெசும கொடுப்பனவுக்குத் தகுதி பார்க்க ஹபீல் வந்தான். பின்தெருப் பையன்தான். ஆனால் கழுத்தில் உத்தியோக அட்டை ஏறிய நாள் முதல் அவனுக்கு ஊரில் யாரையும் தெரியாது. கதிரையில் அமர்ந்து, டெப் கணினியைத் தொடையில் வைத்து, அன்றாடம் பார்க்கும் மனிதரிடம், "பேர்?" என்றான்.

பாயிஸா கதவோரம் நின்றாள். உள்ளே பத்து வயது மகள் மஸீனா, காலையில் வலிப்பு வந்த களைப்பில் படுத்திருந்தாள். அவளுடைய மருந்துக் குளிசை ஆஸ்பத்திரியில் இல்லை, வெளியே வாங்குங்கள் என்று சொல்லி ஆறு மாதமாகிறது. அன்றிலிருந்து பாயிஸா ஒரு குளிசையை இரண்டாக உடைத்து இரண்டு வேளைக்குக் கொடுக்கிறாள். இந்தக் கொடுப்பனவு கிடைத்தால் பிள்ளைக்கு முழுக் குளிசை.

வாகனம் உண்டா, காணி உண்டா, ஐஸ்பெட்டி உண்டா என்று ஹபீல் ஒவ்வொன்றாகக் கேட்டான். இல்லை என்று சொல்லவே இத்தனை சொத்தின் பேர் தெரிந்திருக்க வேண்டியிருந்தது.

"குடும்பத் தலைவர் என்ன தொழில்?"

"வியாபாரம்."

ஹபீலின் விரல் திரைக்கு மேலே நின்றது. "வியாபாரம் எண்டு போட்டா இது சரிவராது முதலாளி. வேற ஏதாச்சும்..."

"வேற என்ன? எங்கட பரம்பரையே வியாபாரம்."

"பரம்பரைக்கு இதுல இடமில்ல."

ஹாஷிம் சேர்ட் கையை இழுத்துவிட்டுக்கொண்டார். உள்ளே மஸீனா புரண்டு படுக்கும் சத்தம் கேட்டது.

"மூட்டை தூக்குற," என்றாள் பாயிஸா. "கண்டியில ஒரு பருப்புக் கடையில. நாள் கூலி."

ஹாஷிம் திரும்பிப் பார்க்கவில்லை. ஹபீல்தான் பெருமூச்சு விட்டான். "அத யாராச்சும் சொல்லட்டும் எண்டுதான் நானும் பாத்துக்கொண்டு ஈந்த, ராத்தா. ஊருக்கே தெரியும்தானே. நீங்க சொல்லாம நான் எழுத ஏலாதே." ஆறுதல் சொல்லிவிட்ட திருப்தியில் மேலும் சொன்னான்: "காசு கிடைக்கிறவங்கட பேர்ப்பட்டியல வெளியில ஒட்டுவாங்க. பயப்படாதீங்க, உங்களுக்கு ஒருத்தரும் ஆட்சேபனை சொல்ல மாட்டாங்க."

ஹாஷிம் திரையில் விரலால் கையெழுத்திட்டார். கடைக்காலத்துக் கையெழுத்து, கீழே இரண்டு கோடு, ஒரு சுழி. அது கட்டத்தை விட்டு வெளியே ஓடியது. ஹபீல் அதை அழித்துவிட்டு, கொஞ்சம் சின்னதாகப் போடச் சொன்னான். அவர் சின்னதாகப் போட்டார்.

அவன் போன பிறகு ஹாஷிம் கேட்டார்: "உனக்கு எப்ப தெரியும்?"

"முதல் மாசமே. பெனியன் தோள்ல சாக்கு நார் ஒட்டி ஈந்திச்சி."

நாலு வருஷமாக ஒவ்வொரு நாளும் சோற்றுக்கு முன்னால் அவர் வியாபாரக் கதை சொல்லியிருக்கிறார். பிந்தி வந்த லொறி, விலை பேசிக் கழுத்தறுக்கும் மாத்தளை முதலாளி, கடைசியில் அவரையே மடக்கிய சாமர்த்தியம். இவளும் சரியான இடத்தில் "பொறகு?" என்று கேட்டிருக்கிறாள்.

"அப்ப நான் சொன்ன கதையெல்லாம்?"

"நல்லாத்தான் ஈந்திச்சி," என்றாள் பாயிஸா. அது பொய்யில்லை.

மஃரிப் தொழுகைக்குப் பிறகு மூவரும் சாப்பிட உட்கார்ந்தார்கள். மஸீனா கதைக்காகக் கொஞ்ச நேரம் பொறுத்துப் பார்த்தாள்.

"மாத்தளை முதலாளி பொறகு என்ன செஞ்ச, வாப்பா?"

ஹாஷிம் சோற்றைப் பிசைந்தார்.

"அவர் இனி வரமாட்டார், மகள்."

"ஏன், நோய் வந்து மௌத்தாகிட்டாரா?"

"ஓ," என்று தலையாட்டினார் ஹாஷிம்.